முதலில் எதிராளி பக்கம்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரர் குழாயை மாற்ற மாட்டேன் என்றார். நியாயம் முழுக்க என் பக்கம். இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். பெரும்பாலும் தப்பு என்மேல்தான் இருக்கும். அதனால் இதை விட மனசில்லை. ஈரம் பரவிய இடத்தைப் பல கோணங்களில் படம் பிடித்தேன். பேச வேண்டிய ஹிந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். சண்டைக்குப் போகிற மாதிரியே சொசைட்டி கூட்டத்துக்குப் போனேன். புனேயில் விமான் நகருக்கு நாங்கள் குடிவந்த புதிது. கார் நிறுத்துமிடத்தில் ஜமக்காளம் விரித்து, டீயும் பாக்கர்வடியும் வைத்திருந்தார்கள்.

செயலாளர் நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, கசங்காத பருத்திச் சேலை. நான் எழுந்து "தேக்கியே ஜி" என்று ஆரம்பித்ததும் கையை நீட்டி நிறுத்தினார். முதலில் மேல்வீட்டுக்காரரின் பக்கத்தைச் சொல்லுங்கள் என்றார், ஹிந்தியில். என் ஹிந்தி அறிவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, மறுபடியும் என் ஈரச் சுவரைப் பற்றிப் பேசப் போனேன். மறுபடியும் கை நீண்டது.

பக்கத்திலிருந்தவர் எனக்கு விளக்கினார். இந்தக் கட்டடத்தில் அதுதான் வழக்கமாம். புகார் கொண்டுவருகிறவர் முதலில் எதிராளியின் பக்கத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். எதிராளி அதைக் கேட்டுவிட்டு 'பரோபர்' என்று சொல்ல வேண்டும். மராத்தியில் 'சரிதான்' என்று அர்த்தம். அவர் பரோபர் சொல்லும்வரை நம் புகாரை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

இதென்ன அநியாயம்! என் வீட்டில் தண்ணீர் ஒழுகும், நான் அவனுக்காக வாதாட வேண்டுமா? ஆனால் மொத்தக் கட்டடமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தன் வழக்கறிஞர் வாயைத் திறக்கக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல், அவர் என்னிடம் ஏற்கெனவே கத்திச் சொன்னதையெல்லாம் நான் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். இவருடைய மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அந்தக் குளியலறையை ஒட்டித்தான் அவருடைய கட்டில். தரையை உடைத்தால் தூசியில் அவருக்கு மூச்சு திணறும். அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகப் பட்டது. மேல்வீட்டுக்காரர் "பரோபர், பரோபர்" என்று இரண்டு தடவை சொன்னார்.

இப்போது உங்கள் புகாரைச் சொல்லுங்கள் என்றார் செயலாளர். மாமனார் குணமாகும்வரை வாளி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மாமனார் ஆயுசு கெட்டி. வாளி பல மழைக்காலங்களைப் பார்த்தது.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாள் என்னிடம் வந்தார். "தம்பி தமிழோ? உங்கட ஹிந்தியைக் கேக்கேக்கையே விளங்கிட்டுது" என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "சண்ட போடப் போறேன்னு போனீங்க, வாளி வைக்கிறேன்னு சொல்லிட்டு வந்துருக்கீங்க" என்றாள் என் மனைவி. "அந்தம்மாவ நான் பாக்கணுமே."

பார்த்தாள். ஒட்டிக்கொண்டாள். அக்கா எங்களுக்குக் கீழ்மாடி. மராத்திக்காரர்கள் அவரைத் தாயி என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்கு அது அக்கா. எங்களுக்கும் அவர் அக்காவே. கல்யாணமாகி, திருநெல்வேலிக்கார வங்கி அதிகாரியின் மனைவியாகப் புனேயிலேயே கட்கி என்ற பகுதிக்கு வந்திறங்கியவர். அங்கே வாடகை வீட்டில் பல காலம் இருந்துவிட்டு, கணவர் ஓய்வுபெற்ற பிறகு இந்த வீட்டை வாங்கி வந்திருந்தார்கள். நாங்கள் போனபோது கணவர் இல்லை, மகள் மெல்போர்னில். ஊரில் சண்டை மூண்டு முடிந்த காலம் முழுக்க அக்கா இங்கேதான் இருந்தார். "நான் ஒரு வெடிச் சத்தமும் கேக்கேல்லை, தம்பி. கணபதி விசர்ஜனத்து வெடிதான் கேட்டனான்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

சொதி வைக்கிற விஷயத்தில்கூட அந்த வீட்டில் இரண்டு பக்கம் இருந்ததாம். கணவருக்குச் சொதி என்றால் திருநெல்வேலிக் கல்யாணத்து மறுநாள் விருந்து, காய்கறி நிறையப் போட்டுக் கெட்டியாக. அக்காவுக்கு அது அன்றாடம் இடியப்பத்தின்மேல் ஊற்றுகிற, தண்ணீராக ஓடும் தேங்காய்ப்பால் குழம்பு. கல்யாணமான புதிதில் இதற்காகப் பேசாமலே இருந்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் அக்காவே உட்கார்ந்து, திருநெல்வேலிச் சொதியின் பெருமையை அவரைவிட நன்றாக எடுத்துச் சொன்னாராம். மனிதர் உருகிப்போய், அன்றிலிருந்து யாழ்ப்பாணச் சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டால் மனைவி நேரே கீழே இறங்கிவிடுவாள். ஒரு தடவை அவளுடைய அண்ணன் சேலத்தில் புதுவீடு கட்டிக் குடிபோனார். அந்த விசேஷத்துக்கு நான் போகவில்லை. ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு, இங்கே ஒரு புத்தகக் கண்காட்சியில் பகல் முழுக்கச் சுற்றினேன். வாங்கி வந்த பைகளை ஒளித்து வைக்கத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது. மாட்டிக்கொண்டேன். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"முதல் அவரின்ரை பக்கத்தைச் சொல்லுங்கோ, பிள்ளை" என்றார் அக்கா.

அவள் எங்கே சொல்லப்போகிறாள் என்று நான் மிதப்பாக உட்கார்ந்திருந்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவருக்குக் கீழ வேல பாத்த பசங்கல்லாம் மேல போயிட்டாங்கக்கா. எங்க அண்ணன் வீட்டுக்குப் போனா, மாப்ள இன்னும் அதே போஸ்ட்டுதானான்னு எவனாவது கேப்பான். புத்தகக் கடையில யாரும் அதக் கேக்க மாட்டாங்க. அங்க அவரு பெரிய ஆளு. அதான் போயிட்டாரு."

இதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே அதுவரை தெரியாது. அக்கா என்னைப் பார்த்தார். நான் பரோபர் சொல்ல வேண்டியிருந்தது. சரி, இனி உங்கட குறையைச் சொல்லுங்கோ என்றார் அக்கா அவளிடம். "ஒண்ணும் இல்லக்கா" என்றாள். அக்கா எழுந்து போய் இடியப்பம் எடுத்து வைத்தார். நான் நாணிக்கொண்டே நிறையச் சாப்பிட்டேன்.

அவருடைய முறையை நான் வெளியிலும் பயன்படுத்திப் பார்த்தேன். ஆபீஸில் பதவி உயர்வு பற்றிப் பேசக் கூப்பிட்டபோது, எனக்கு ஏன் உயர்வு கொடுக்க முடியவில்லை என்பதற்கு என் மேனேஜருடைய பக்கத்து நியாயங்களை ஒன்றுவிடாமல் முதலில் சொன்னேன். அவருக்குப் புல்லரித்துவிட்டது. உன்னைப் போலப் புரிந்துகொள்கிறவர்கள் இந்த ஆபீஸிலேயே இல்லை என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். உயர்வு வேறொருவனுக்குப் போயிற்று. அக்காவிடம் புலம்பினால், "ஐயோ தம்பி, முதல் அவரின்ரை பக்கம் எண்டுதான் சொன்னனான். பேந்து உங்கட பக்கத்தைச் சொல்ல வேண்டாம் எண்டு ஆர் சொன்னது?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கிரிக்கெட் பார்க்கத்தான் அவரோடு உட்கார முடியாது. இந்தியாவும் இலங்கையும் ஆடினால் கட்டடத்தின் கீழே பெரிய டிவி போட்டு எல்லோரும் கூடுவோம். தாயி, உங்களுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுச் சீண்டுவார்கள். எவன் கேட்ச்சைக் கோட்டைவிட்டாலும் அக்கா அவனுக்காகப் பேசுவார். "பாவம் பொடியன், வெயில் கண்ணுக்குள்ளை எல்லோ அடிக்குது." நம்மவன் அவுட் ஆனாலும் அதே கதை, அவர்களுடையவன் அவுட் ஆனாலும் அதே கதை. கடைசியில் இரண்டு பக்கமும் அவரைத் திட்டும். அவர் பாட்டுக்குக் கடலை உடைத்துக்கொண்டிருப்பார்.

இப்போது அக்கா இங்கே இல்லை. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். செயலாளர் நாற்காலியை, புத்தகம் படிக்கிறவன் என்ற தவறான காரணத்துக்காக, என் தலையில் கட்டிவிட்டார்கள். என் கூட்டங்களில் யாரும் யாருடைய பக்கத்தையும் சொல்வதில்லை. பார்க்கிங் தகராறில் ஒரு தடவை என் சட்டைப் பித்தான் போனது.

நான் சொல்ல வந்தது, அக்கா இங்கே இருந்தபோது என்னிடம் ஒரு புத்தகம் கேட்ட கதையை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்காராமல் என் புத்தக அலமாரி முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நீங்கள் புத்தகக்காரர்தானே. எங்கட நாட்டுச் சண்டையைப் பற்றி ஒரு புத்தகம் தெரிஞ்செடுத்துத் தாங்கோ. இங்கிலீசிலை வேணும். ஒரு பக்கம் சாயக் கூடாது. வாசிக்கக் கூடியதாவும் இருக்கோணும்."

டொரான்டோவில் இருக்கும் அவருடைய அண்ணனின் பேத்திக்காகவாம். கல்லூரியில் படிக்கிற பெண். தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. அங்கே என்னதான் நடந்தது என்று தாத்தாவைத் துளைத்திருக்கிறாள். அவர் புனேயில் இருக்கிற உன் சின்னப் பாட்டியைக் கேள் என்று தட்டிக் கழித்துவிட்டார். அண்ணன் தை மாதம் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு வருகிறார். அப்படியே புனேக்கு வந்து இரண்டு நாள் தங்கப்போகிறார். அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

என்னிடம் போய்க் கேட்டாரே! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சண்டை எனக்கு அத்துப்படி என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆதாரம்: பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஈழத் தமிழருக்காக நடந்த ஊர்வலத்தில் போயிருக்கிறேன். தொண்டை வற்றக் கோஷம் போட்டேன். வகுப்பு இல்லை என்பது கூடுதல் சந்தோஷம். மாலையில் நாலைந்து பேராகப் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். இதை உணர்ச்சிவசப்பட்டு அக்காவிடம் சொன்னேன். "சால்னா நல்லா இருந்ததோ?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

புத்தகம் தேட ஆரம்பித்தேன். கொஞ்சமாகச் செய்தால் எனக்குத் தூக்கம் வராது. கிடைத்ததையெல்லாம் வரவழைத்தேன். முள்வேலி போட்ட அட்டை, தலை போன பனைமரம் போட்ட அட்டை, கடற்கரையில் ஒற்றைச் செருப்புப் போட்ட அட்டை. பத்திரிகைக்காரர் எழுதியது, பேராசிரியர் எழுதியது, பாதிரியார் எழுதியது, ஓய்வுபெற்ற தூதர் எழுதியது, டாக்டர் எழுதியது. எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். சமநிலைக்கு இவ்வளவு மதிப்பெண், வாசிப்புச் சுகத்துக்கு இவ்வளவு. சமநிலையை எப்படி அளப்பது? ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணினேன். புகைப்படங்களைக்கூட அங்கே எத்தனை, இங்கே எத்தனை என்று பிரித்து எண்ணினேன். "செத்தவங்க படத்த வெச்சுக்கிட்டு மார்க்கு போடுறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்றாள் மனைவி. ஆராய்ச்சிக்கு நடுவில் இப்படிக் குறுக்கிடுகிறாளே என்று எரிச்சல்பட்டேன்.

முதலில் பத்திரிகைக்காரரின் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதை மாதிரி ஓடும். நானே ஒரே மூச்சில் படித்தேன். அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, "இதிலை மற்றப் பக்கத்தை எங்கை சொல்லுறார்?" என்றார். ஏழாம் அத்தியாயத்தில் என்றேன். "ஏழாம் அத்தியாயம் வரும்வரைக்கும் அந்தாள் வெளியிலை நிக்கோணுமோ?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது பேராசிரியரின் புத்தகம். ஒரு வாக்கியம் இந்தப் பக்கம் சொன்னால் அடுத்த வாக்கியம் அந்தப் பக்கம். என் அட்டவணையில் சமநிலைக்கு முழு மதிப்பெண். ஆனால் ஒவ்வொரு முறையும் நாலாம் பக்கத்திலேயே தூங்கிப்போனேன். அக்கா தூங்கவில்லை. முழுக்கப் படித்தார்.

"ரெண்டு பக்கமும் பிழை, ரெண்டு பக்கமும் சரி எண்டு தராசு பிடிக்கிறார். எனக்கு அது வேண்டாம், தம்பி. ரெண்டு பக்கத்தாரும் வாசிச்சுப் போட்டு, ஓம், எனக்கு நடந்தது இதுதான் எண்டு சொல்லோணும்."

இங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. விமான் நகரில் ஒரு பெரிய ஹோட்டலில் சிங்களச் சமையல்காரர் ஒருவர் இருப்பதை விசாரித்துக் கண்டுபிடித்தேன். மிச்சமிருந்த மூன்று புத்தகங்களையும் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் பரோபர் சொல்கிற புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். எதிர்ப் பக்கத்துக்கு ஆள் பிடித்துவிட்டேன், அக்கா!

அக்கா என்னை அதிசயமாகப் பார்த்தார்.

"எதிர்ப் பக்கமோ? எனக்கு எதிர்ப் பக்கம் சிங்கள ஆள் எண்டு நினைச்சீங்களோ? எனக்கு எதிர்ப் பக்கம் என்ரை அண்ணை."

அன்றுதான் சொன்னார். அண்ணனுக்கு ஒரு மகனும் ஒரு மகளும். ஊரில் நிலைமை மோசமான காலத்தில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகனை அண்ணன் கட்கிக்கு அனுப்பிவைத்தார், தங்கை வீட்டில் பத்திரமாகப் படிக்கட்டும் என்று. பையன் ஒரு வருஷம் இருந்தான். கட்கிப் பையன்களோடு கிரிக்கெட் ஆடினான், அக்காவைவிடச் சீக்கிரம் மராத்தி பேசினான், மராத்தியில் திட்டவும் கற்றுக்கொண்டான். திடீரென்று ஒரு நாள் ஊருக்குப் போக வேண்டும் என்று அழுதான். சோறு தின்ன மாட்டேன் என்றான். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து மதராஸ் ரயிலில் ஏற்றிவிட்டார். போய்ச் சேர்ந்த சில மாதங்களில் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து பையன் போய்விட்டான்.

அண்ணன் குடும்பம் அப்புறம் கனடா போயிற்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் வரும். அங்கே பனி எவ்வளவு, இங்கே மழை எவ்வளவு, இரத்தத்தில் சீனி எவ்வளவு. முப்பது வருஷமாக அவ்வளவுதான் பேச்சு. பையனின் பெயரை இருவரும் எடுத்ததில்லை.

"அண்ணை ஒரு சொல்லும் பேசேல்லை, தம்பி. பேசியிருந்தா ஆறியிருப்பன். இந்த முறை புத்தகத்தை நடுவிலை வச்சா, அதைச் சாட்டியெண்டாலும் கதைப்பார். எனக்கும் வயசு போகுது, அவருக்கும் எண்பதாகுது. இதை விட்டா ஏலாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்தால் சும்மா இருக்கிற ஆளா நான்? அட்டவணையை இன்னும் மெருகேற்றினேன்.

அண்ணன் வந்தார். உயரமானவர், கூன் விழாத முதுகு, கம்பளி மேலங்கி. அவர் வந்த மறுநாள் காலை அக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "லேப்டாப்பெல்லாம் வேண்டாங்க, புத்தகத்த மட்டும் கொண்டாங்க" என்று மனைவி படியிறங்கும்போதும் சொன்னாள். எடுத்துக்கொண்டுதான் போனேன். முந்தின நாள் முழுக்க அண்ணனும் தங்கையும் என்ன பேசினார்கள் என்பது மேசையைப் பார்த்ததும் தெரிந்தது. சர்க்கரை அளக்கிற கருவிகள் இரண்டு, ஒன்று கனடாவுடையது, ஒன்று புனேயுடையது, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

நான் மூன்று புத்தகங்களையும் அடுக்கிவைத்து லேப்டாப்பைத் திறந்தேன். வண்ண வண்ணப் பட்டைகளாக ஒப்பீடு. பச்சை என்றால் சமநிலை, நீலம் என்றால் வாசிப்பு எளிமை. மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பெரியவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது, "தம்பி எந்த ஊர்?" என்றார்.

"சேலங்க."

"அங்கை மாம்பழம் நல்லம் எண்டு சொல்லுவினம்."

லேப்டாப்பை மூடினேன்.

பெரியவர் மேலே இருந்த புத்தகத்தை எடுத்துத் தடவிப் பார்த்தார். "மூண்டையும் தாங்கோ, தம்பி. பிள்ளை வாசிப்பாள். வாசிச்சுப் போட்டு என்னட்டைத்தான் வருவாள், எங்கட வீட்டிலை என்ன நடந்தது எண்டு கேக்க. அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

அவர் அதை யாரையும் பார்க்காமல் சொன்னார். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அண்ணை, முதல் உங்கட பக்கத்தை நான் சொல்லுறன். பிழை எண்டாச் சொல்லுங்கோ. ஒரே பொடியனை நீங்கள் என்னை நம்பி அனுப்பினீங்கள். அவன் போகோணும் எண்டு அழுதான். அந்த வயசுப் பிள்ளை அழத்தான் செய்யும். ரெண்டு அறை போட்டு இருத்தி வச்சிருக்கோணும். நான் செய்யேல்லை. டிக்கெட் எடுத்துக் குடுத்தன். சாப்பாடும் கட்டிக் குடுத்து நானே ஸ்டேஷனிலை ஏத்தி விட்டன். தங்கச்சி மறிச்சிருந்தா என்ரை பிள்ளை இண்டைக்கு இருப்பான். இதுதானே அண்ணை உங்கட பக்கம்?"

குரல் நடுங்கவில்லை. இத்தனை வருஷமும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார் என்று தோன்றியது. பெரியவர் தலையசைப்பார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"இல்லைப் பிள்ளை. அது என்ரை பக்கம் இல்லை."

இதைவிடவும் கடுமையாக ஏதோ மனதில் வைத்திருக்கிறார், மன்னிக்கப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

"அவனைக் கூப்பிட்டது நான்" என்றார் பெரியவர். "கொழும்புக்கு வந்த இடத்திலை, கட்கியிலை உங்கட கீழ்வீட்டுக்காரரின்ரை போனுக்கு எடுத்தன். அவன்தான் வந்து கதைச்சவன். கொம்மா உன்னை நினைச்சு அழுதுகொண்டே கிடக்கிறா, ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப் போட்டுப் போ எண்டனான். அத்தைக்குச் சொல்லாதை, அவ விடமாட்டா எண்டும் நான்தான் சொன்னனான். அவன் சொல்லேல்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திப் போட்டான்."

அக்கா கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். பெரியவர் தொடர்ந்தார்.

"உன்னிலை எனக்கு என்ன கோவம்? உன்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்தனான். ஒவ்வொரு முறையும் போன் எடுக்கேக்கை சொல்லுவம் எண்டுதான் எடுக்கிறனான். வாயிலை வராது."

உலகத்தில் எல்லோருடைய பக்கமும் தெரிந்த அக்காவுக்கு, சொந்த அண்ணனுடைய பக்கம் முப்பது வருஷமாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. இனி அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்து, சரியாகச் சொல்லி, அவரைத் தலையசைக்க வைப்பார் என்று நான் நினைத்தேன். நான் நினைத்தது எது நடந்திருக்கிறது?

அக்கா மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். என் லேப்டாப் துள்ளியது.

"சீனி!" என்று கத்தினார். "பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துச் சீனி எவ்வளவு எண்டு கேட்டீங்கள்! தீபாவளிக்குத் தீபாவளி சீனி! இஞ்சை ஒருத்தி பிள்ளையைச் சாகடிச்சுப் போட்டன் எண்டு நித்திரை இல்லாமல் கிடக்கிறாள், உங்களுக்குச் சீனி! என்ரை மனுசன் சாகேக்கையும் உன் மேல தப்பு இல்ல எண்டு சொல்லிப் போட்டுத்தான் செத்தது. நான் நம்பேல்லை! என்ரை மகளை ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கும் நான் விடேல்லை, தெரியுமோ? ரயில் ஏத்தி விட இந்தக் கை வரேல்லை!"

"பிள்ளை..." என்றார் பெரியவர்.

"கதைக்காதேங்கோ! உங்கட பக்கம் எனக்கு வேண்டாம். ஒருத்தரின்ரை பக்கமும் வேண்டாம். என்ரை பக்கத்தைக் கேளுங்கோ!"

சொன்னார். கட்கி வீட்டில் பையன் படுத்த பாயிலிருந்து, ரயில் கிளம்பும்போது அவன் கையாட்டினதுவரை, அதற்குப் பிறகு இத்தனை வருஷமும், எல்லாம் கத்திக் கத்திச் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். நடுவில் மூன்று புத்தகங்களும் தரையில் விழுந்தன. நான் எடுக்கக் குனிந்தேன், மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பெரியவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். "ஓம், பிள்ளை. ஓம். சரி" என்றார். அவர் கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. என் மனைவி வாய்விட்டே அழுதாள். நானும் அழுதேன்.

மொத்தக் கட்டடத்துக்கும் கேட்டிருக்க வேண்டும். அக்காவின் குரல் உயர்ந்து அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. மணி அடித்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன். மேல்மாடி, கீழ்மாடி, வாட்ச்மேன் எல்லோரும் பதறிப்போய் நின்றார்கள். தாயிக்கு என்ன ஆச்சு, உள்ளே யார் என்று ஒரே குரலாகக் கேட்டார்கள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் முந்தின நாள் காலையிலேயே பெட்டியோடு வந்து இறங்கியதை அந்த வாட்ச்மேனே பார்த்திருந்தான். இருந்தாலும் அக்கா எல்லோரையும் பார்த்து, ஹிந்தியில், புதுச் செய்தி சொல்வதைப் போலச் சொன்னார்:

"ஒன்றுமில்லை. என் அண்ணன் வந்திருக்கிறார்."